லாஸ்ட் தொடரில் ஜான் லாக் எப்படி எழுந்து நடந்தார்?

லாஸ்ட் என்ற அமெரிக்க டிவி தொடரை இப்போதுதான் பார்த்து முடித்ததாகவும், ஜான் லாக் நடக்க ஆரம்பித்ததற்கு ரசிகர்கள் சொல்லும் விளக்கங்களில் எது சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள். விமானம் விழுந்த அதிர்ச்சியில் முதுகு சரியானதா, முதலிலிருந்தே அது மனம் சார்ந்த செயலிழப்பா, தீவின் காந்தப் புலமா, எல்லோரும் இறந்துபோய்விட்டார்களா, தீவின் காவலரான ஜேக்கப்பின் வேலையா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "நாலு வருஷம் நடக்காதவர் ஒரே நாளில் எழுந்து ஓடுவது நிஜத்தில் நடக்குமா?" அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. கதைக்குள் எது பொருந்துகிறது என்பது ஒரு கேள்வி, மனித உடம்பில் எது நடக்கும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் இந்த விவாதம் இத்தனை வருடமாக ஓடுகிறது. நான் பிசியோதெரபிஸ்ட். பத்தொன்பது வருடமாகத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களோடுதான் வேலை. இந்தத் தொடரை மூன்று முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுக் கதையும் வெளிப்படும், பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் விமானம் ஒன்று 2004 செப்டம்பர் 22 அன்று ஒரு தீவில் உடைந்து விழுகிறது. பிழைத்தவர்களில் ஒருவர் ஜான் லாக், நடித்தவர் டெரி ஓ'க்வின். முதல் மூன்று எபிசோடில் அவர் வேட்டைக்காரர் மாதிரி, எதற்கும் அஞ்சாதவர் மாதிரி தெரிகிறார். 2004 அக்டோபர் 13 அன்று ஒளிபரப்பான நான்காவது எபிசோட் 'வாக்கபௌட்' முடியும்போதுதான் நமக்குத் தெரிகிறது, அவர் விமானம் ஏறியதே வீல்சேரில், நான்கு வருடமாக அவருக்குக் கால் வராது. விழுந்த விமானத்தின் நடுவே மணலில் கண் திறக்கிறார், கால்விரல்களை அசைத்துப் பார்க்கிறார், எழுந்து நிற்கிறார். கால் எப்படிப் போனது என்பதை 2007 மார்ச்சில் வந்த மூன்றாவது சீசன் எபிசோடில் சொன்னார்கள்: பெற்ற தகப்பன், ஆந்தனி கூப்பர், எட்டாவது மாடி ஜன்னல் வழியாக அவரைத் தள்ளிவிட்டான்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிப்போம். எட்டு மாடி உயரத்திலிருந்து தரையில் விழுந்தவர் உயிர் பிழைப்பதே அபூர்வம். பிழைத்தால் முதுகெலும்பு நொறுங்கியிருப்பதில் ஆச்சரியம் இல்லை. உயரத்திலிருந்து விழுபவர்களுக்கு அதிகம் உடைவது நடுமுதுகும் கீழ்முதுகும் சேரும் இடம். எங்கள் வார்டுக்குத் தென்னை மரத்திலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுந்து வருபவர்களில் பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான் உடைத்துக்கொண்டு வருவார்கள். இந்த இடத்தை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் மாதிரி நரம்பு வேர்கள்தான் தொங்குகின்றன. வேர்கள் அடிபட்டால் ஓரளவு மீளும் வாய்ப்பு உண்டு, தண்டுவடமே நசுங்கினால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. லாக்குக்கு எந்த மட்டத்தில் அடி, முழுமையான அடியா பகுதி அடியா என்று நமக்குக் காட்டிய காட்சிகளை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆசனவாயைச் சுற்றித் தொடுவுணர்வு இருக்கிறதா, சொன்னால் அதை இறுக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் நாங்கள் "முழு அடி" என்ற வார்த்தையையே சொல்வோம். அந்தப் பரிசோதனையை எந்த டிவி தொடரும் காட்டப்போவதில்லை. இன்னொன்று, இதைப் பலர் பக்கவாதம் என்று எழுதுகிறார்கள். பக்கவாதம் மூளையில் வருவது, உடம்பின் ஒரு பக்கத்தைத் தாக்கும். இது தண்டுவடத்தில் வருவது, இடுப்புக்குக் கீழே இரண்டு காலையும் தாக்கும். மீளும் விதமும் வேறு.

சரி, நான்கு வருடம். இதுதான் பெரிய முட்டுக்கட்டை. தண்டுவட அடியில் திரும்பி வரக்கூடியது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே வரத் தொடங்கிவிடும், ஒரு வருடத்துக்குள் வேகம் குறைந்துவிடும். ஒன்றரை, இரண்டு வருடத்துக்குப் பிறகு வருவது சின்னச் சின்ன முன்னேற்றங்கள்தான். முதலில் முழு அடி என்று கணிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்துக்கு எட்டு பேர் ஒரு வருடம் கழித்தும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். ஆனால் நரம்பை மட்டும் பார்த்தால் போதாது. நரம்பு ஏதோ மந்திரத்தால் ஒரே இரவில் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான்கு வருடம் பாரம் தாங்காத கால் என்ன நிலையில் இருக்கும்? தொடைச் சதை கரைந்து பாதியாகியிருக்கும். குதிகால் தசைநார் சுருங்கிப் பாதம் கீழ்நோக்கி விறைத்திருக்கும், தரையில் பாதத்தைப் பதிக்கவே முடியாது. முழங்காலைச் சுற்றியுள்ள எலும்பு முதல் இரண்டு மூன்று வருடத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடர்த்தியை இழந்திருக்கும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது கால் லேசாக மடங்கி எலும்பு முறிந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன், வலி தெரியாததால் வீக்கம் வந்த பிறகுதான் முறிந்ததே தெரிந்தது. சட்டென்று நிமிர்ந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். அதனால்தான் சாய்வு மேசையில் பட்டை போட்டுக் கட்டி முப்பது டிகிரி, நாற்பத்தைந்து டிகிரி என்று நாள் கணக்கில் நிமிர்த்துவோம்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கடற்கரைக் காட்சியைப் பாருங்கள். கண் திறந்து சில நிமிடத்தில் லாக் எழுகிறார். இடிபாட்டுக்கு அடியில் ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், பிழைத்தவர்களில் ஒருவரான டாக்டர் ஜாக் "நீங்க, இங்க வாங்க, கை கொடுங்க" என்று கூப்பிட, லாக் போய் உதவுகிறார். சில நாளில் காட்டுப்பன்றி வேட்டைக்கே போய்விடுகிறார். ஆக, இங்கே சரியானது நரம்பு மட்டும் இல்லை. சதை, எலும்பு, தசைநார், ரத்தக் குழாய்களின் பழக்கம் எல்லாமே ஒரே நொடியில் புதிதாகியிருக்கின்றன. எந்த விளக்கத்தைச் சொல்வதானாலும் இதை முதலில் விளக்கியாக வேண்டும். ரசிகர்களின் விளக்கங்களில் பல நரம்பை மட்டும் சரிசெய்துவிட்டு நின்றுவிடுகின்றன.

அந்த எபிசோடில் எனக்கு மிகப் பிடித்தது, விரல் அசைவதைக் காட்டிய விதம். ஏன் என்று சொல்ல வார்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தென்னை ஏறும் இளைஞர் ஒருவர், இருபத்தாறு வயது. விழுந்த மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் அவருடைய அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பிக்குக் கால் வந்துருச்சுய்யா, ராத்திரி உதைச்சான், நான் பார்த்தேன்" என்றார். போர்வையை விலக்கினேன். பாதத்தைத் தொட்டதும் முழங்கால் மடங்கி, கால் துள்ளி மேலே வந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கால் வந்ததன் அறிகுறி இல்லை, மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தண்டுவடம் தானாகச் செய்யும் இழுப்பு. அப்புறம் அந்தப் பையனிடம், "நான் ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்றேன், மூணு சொல்லும்போது மட்டும் கட்டைவிரலை மேலே தூக்குங்க" என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் அசையவில்லை. அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்பதுதான் எங்கள் வேலையிலேயே கடினமான பகுதி. தானாக அசைவதும் சொல்லி அசைப்பதும் வேறு வேறு. லாக் காட்சியில் இயக்குநர் ஜாக் பெண்டர் அதைச் சரியாகக் காட்டியிருக்கிறார்: முதலில் கண், அப்புறம் லாக் தன் காலைப் பார்ப்பது, அதன் பிறகே விரல். பார்த்து, நினைத்து, அசைக்கிறார். அது இழுப்பு இல்லை என்பதை அந்த மூன்று ஷாட்டில் சொல்லிவிட்டார்கள்.

இனி விளக்கங்களுக்கு வருகிறேன். விமானம் விழுந்த அதிர்ச்சியில் முதுகு சரியாகியிருக்கும் என்பதை முதலிலேயே தள்ளிவிடலாம். ஓடாத ரேடியோவைத் தட்டினால் பாடும் என்கிற மாதிரியான யோசனை அது. நசுங்கிய தண்டுவடத்தில் அறுந்த இழைகள் தாமாக மறுபடி வளர்வதில்லை, அடிபட்ட இடத்தில் தழும்பு உருவாகி வழியை அடைத்துவிடுகிறது. மேலும் ஓர் அதிர்ச்சி வந்தால் சேதம் கூடுமே தவிரக் குறையாது. சிலர் இதையே கொஞ்சம் மாற்றி, உடைந்த எலும்புத் துண்டு நான்கு வருடமாக அழுத்திக்கொண்டிருந்தது, விபத்தில் அது விலகிவிட்டது என்கிறார்கள். அழுத்தம் நீங்கினால் பலன் உண்டு என்பது உண்மைதான், அதனால்தான் அடிபட்ட உடனே அவசரமாக அறுவை சிகிச்சை செய்கிறார்கள். ஆனால் அந்தப் பலன் சீக்கிரம் செய்தால் மட்டுமே, அதுவும் மெதுவாகத்தான் தெரியும். நான்கு வருடம் கழித்து ஒரே நொடியில் தெரியாது.

இதே தொடரில் இன்னொருவரும் இப்படி மீள்கிறார், அவரை ரசிகர்கள் அதிகம் கவனிப்பதில்லை. ஜாக்கின் மனைவியாகப் போகும் சாரா. இரண்டாவது சீசனின் முதல் எபிசோடில் கார் விபத்தில் முதுகு உடைந்து வருகிறார். முதுகெலும்பு அறுவை நிபுணரான ஜாக், ஆபரேஷன் முடிந்ததும் "என்னால் சரிசெய்ய முடியவில்லை" என்று அழுகிறார். சாராவோ விரலை அசைத்துக் காட்டுகிறார். தொடர் இதை அற்புதமாகவே காட்டுகிறது. ஆனால் என் பார்வையில் இது மருத்துவத்தில் நடக்கக்கூடியது. அடிபட்ட முதல் சில நாள், சில வாரம் தண்டுவடம் அதிர்ச்சியில் முழுதாக அடங்கிப்போயிருக்கும், அனிச்சைச் செயல்கள்கூட இருக்காது. அந்த நேரத்தில் பார்த்தால் பகுதி அடியும் முழு அடி மாதிரியே தெரியும். அதனால் முதல் நாளில் "இனி நடக்கவே மாட்டார்" என்று சொல்வது அவசரம். ஜாக் செய்த தவறு அதுதான். சாராவையும் லாக்கையும் ஒரே தட்டில் வைத்து "தீவுக்கு வெளியேயும் அற்புதம் நடந்ததே" என்று வாதிடுபவர்கள், ஒருவருக்கு இடையில் கழிந்தது சில மணி நேரம், இன்னொருவருக்கு நான்கு வருடம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது மனம் சார்ந்த செயலிழப்பு என்கிற விளக்கம். எனக்கு அதிகம் யோசிக்க வேலை வைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இப்படி ஒரு நிலை உண்மையிலேயே உண்டு. நரம்பு, தண்டுவடம், மூளை எதிலும் சேதம் இருக்காது, எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருக்கும், ஆனால் கால் வராது. இது நடிப்பு இல்லை. இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் உள்ளவர்கள் மட்டுமில்லை, சில மருத்துவமனை ஊழியர்களும் இவர்களை நடிப்பவர்களாகவே நடத்துகிறார்கள். மூளையிலிருந்து போகும் கட்டளை வழியில் தடம் மாறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. சார்லஸ் ஃபிராங்க்ளின் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908இல் விவரித்தது. படுத்திருப்பவரின் வராத காலின் குதிகாலுக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். "கீழே அழுத்துங்க" என்றால் அழுத்தம் இருக்காது. இப்போது "நல்ல காலை மேலே தூக்குங்க" என்று சொல்லுங்கள். அந்தக் காலைத் தூக்கும்போது, வராத கால் தானாக உங்கள் உள்ளங்கையை அழுத்தும். முதல் முறை அந்த அழுத்தத்தை நான் உணர்ந்தபோது சிலிர்த்துப்போனேன். பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்று தெரிகிற மாதிரி. நோயாளிக்கும் அதைக் காட்டுவோம், "பாருங்க, உங்க காலுக்குப் பலம் இருக்கு, வழிதான் தெரியலை" என்று. பலருக்குச் சரியான பயிற்சியில் நல்ல முன்னேற்றம் வரும், சிலருக்கு ஒரு சில நாளிலேயே.

லாக்கின் கதையில் இதற்குச் சாதகமாக இரண்டு இடங்கள் இருக்கின்றன. முதல் சீசனில், தீவில் மண்ணுக்குள் புதைந்திருக்கும் ஒரு நிலவறையின் கதவை உடைக்க அவர் செய்த கவண் பொறி முறிந்து, ஓர் உலோகத் துண்டு காலில் குத்தி நிற்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. கால் மறுபடி மரத்துப்போகிறது. அவர் நம்பிக்கை ஆட்டம் காணும் நேரம் அது. லாக்கோடு வந்த சக பயணி பூன், மரத்தின் உச்சியில் தொங்கும் இன்னொரு சிறிய விமானத்தோடு விழுந்ததும், லாக்கின் கால் திரும்பிவிடுகிறது, அவனைத் தோளில் சுமந்துகொண்டு முகாம் வரை வருகிறார். இரண்டாவது, மூன்றாவது சீசனின் கடைசி எபிசோட். தீவில் முன்பே வாழ்பவர்களின் தலைவன் பென் சுட்டுப் பிணக்குழியில் கிடக்கும் லாக்கால் காலை அசைக்க முடியவில்லை. துப்பாக்கியைத் தன் தலைக்கே வைக்கிறார். அப்போது விமானத்தில் வந்த சிறுவன் வால்ட் தோன்றி, எழுந்திரு, உனக்கு வேலை இருக்கிறது என்கிறான். எழுந்துவிடுகிறார். வந்து வந்து போவது, மனநிலையோடு சேர்ந்து மாறுவது, ஒருவரின் வார்த்தையில் திரும்புவது, இவை தண்டுவடச் சேதத்தின் குணம் இல்லை. தண்டுவடம் நசுங்கினால் காலையில் வந்து மாலையில் போகாது. ஆக இந்த விளக்கத்தைச் சொல்பவர்கள் கவனமாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆனாலும் நான் இதை ஏற்கவில்லை. எட்டாவது மாடியிலிருந்து விழுந்தவருக்கு எலும்பு உடைந்த அடையாளம் எதுவும் இல்லாமல் மனம் மட்டும் காலை நிறுத்திவைத்தது என்பதை நம்ப வேண்டியிருக்கும். அடிபட்ட உடம்பிலேயே இந்த மாதிரிச் செயலிழப்பும் கூடச் சேர்ந்து வருவதுண்டு, அதையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் சேர்ந்திருந்தால் அந்தப் பகுதி விலகியிருக்கலாம், ஆனால் அடிபட்ட பகுதி அப்படியே இருந்திருக்கும். மேலும், நரம்பு நன்றாகவே இருந்தாலும் நான்கு வருடம் நாற்காலியில் உட்கார்ந்த கால் முதல் நாளே ஓடாது. மனம் சார்ந்த செயலிழப்பிலிருந்து மீண்டவர்களும் எங்களிடம் வாரக் கணக்கில் இரட்டைக் கம்பி பிடித்துத்தான் நடை பழகுகிறார்கள். இயற்கையான விளக்கங்களில் இதுவே சிறந்தது, அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

காந்தப் புல விளக்கம் கதைக்குள் அழகாகப் பொருந்துகிறது. விமானம் விழுந்த அன்று, நிலவறைக் கணினியில் குறித்த நேரத்துக்கு எண்களை அழுத்த வேண்டிய டெஸ்மண்ட் தாமதித்ததால், அந்த நிலவறையின் மின்காந்த சக்தி வெடித்துக் கிளம்பியது, அதுதான் விமானத்தை உடைத்தது என்று இரண்டாவது சீசன் முடிவில் சொல்கிறார்கள். லாக்கின் கால் வந்ததும் அதே நாள். நிஜத்திலும் மின்சாரத்துக்கும் தண்டுவடத்துக்கும் தொடர்பு இருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் லூயிவில், மேயோ கிளினிக் ஆகிய இடங்களிலும் சுவிட்சர்லாந்தின் லொசானிலும், தண்டுவடத்தின் மேல் மின்முனைகள் பதித்து, வருடக் கணக்கில் நடக்காதவர்களைச் சில அடிகள் நடக்க வைத்தார்கள். 2023இல் லொசான் குழு மூளையிலிருந்து சமிக்ஞை எடுத்து, அடிபட்ட இடத்தைத் தாண்டித் தண்டுவடத்துக்கு அனுப்பி, 2011இல் விபத்தில் அடிபட்ட டச்சுக்காரர் ஒருவரை நடக்க வைத்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் மாதக் கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது, நடந்தது வாக்கரோ ஊன்றுகோலோ பிடித்து. அங்கே மின்சாரம் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட தாளத்தில் போகிறது. திசை இல்லாமல் அடிக்கும் பெரிய காந்த அலை அறுந்த இழைகளைத் தைக்காது. அப்படித் தைக்குமானால், தினமும் பெரிய காந்தமான எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் போய்வரும் எங்கள் நோயாளிகள் எழுந்து நடந்திருக்க வேண்டும்.

எல்லோரும் இறந்துவிட்டார்கள், அது ஆவியுலகம், அதனால் நடக்கிறார் என்ற விளக்கம் முதல் சீசனிலிருந்தே இருக்கிறது. தயாரிப்பாளர்கள் அப்போதே மறுத்தார்கள். 2010 மே 23 அன்று வந்த கடைசி எபிசோடில், தீவில் நடந்தது எல்லாம் நிஜம் என்று ஜாக்கின் தந்தை வாயாலேயே சொல்ல வைத்தார்கள். மரணத்துக்குப் பிந்தைய உலகம் என்று தொடர் காட்டுவது ஆறாவது சீசனின் இணை உலகத்தை. அங்கே லாக் பெரும்பாலும் வீல்சேரில்தான் இருக்கிறார், ஜாக்கின் அறுவை சிகிச்சைக்குப் பிறகே எழுந்து நடக்கிறார். இறந்ததால் கால் வந்தது என்பதற்கு நேர் எதிரான ஆதாரம் இது.

மிச்சம் இருப்பது தீவே குணப்படுத்தியது என்பது. கதைக்குள் இதற்குத்தான் சாட்சி அதிகம். இன்னொரு பயணியான ரோஸின் புற்றுநோய் போய்விடுகிறது. அவர் சிட்னி விமான நிலையத்தில் லாக்கை வீல்சேரில் பார்த்தவர், அதனால் லாக்கின் ரகசியம் அவருக்குத் தெரியும். இரண்டாவது சீசனில் இரும்புக் கதவு விழுந்து லாக்கின் கால் உடைந்தபோது, ஆற வாரக் கணக்கில் ஆகும் என்று ஜாக் சொன்னதாக லாக் புலம்ப, அவ்வளவு நாள் ஆகாது என்று நம் இருவருக்கும் தெரியுமே என்கிறார் ரோஸ். எனக்கு அந்தச் சின்ன உரையாடல் பெரிய ஆதாரம். பிள்ளை பிறக்காது என்று சொல்லப்பட்ட சக பயணி ஜின்னுக்கு மகள் பிறக்கிறாள். மறுபுறம், தீவிலேயே வாழ்ந்த பென்னுக்கு முதுகெலும்பில் கட்டி வருகிறது, ஜாக்குக்குக் குடல்வால் அழற்சி வருகிறது. தீவு எல்லோரையும் எப்போதும் குணப்படுத்துவதில்லை, யார் தேவையோ அவர்களைத் தேவைப்படும்வரை வைத்துக்கொள்கிறது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. லாக்கின் கால் அவ்வப்போது போய் வந்ததும் இப்போது பொருந்துகிறது. பூன் மரத்தில் ஏற வேண்டியிருந்த நாளில் லாக்கால் ஏற முடியவில்லை, அவ்வளவுதான்.

தீவை விட்டுப் போனால் கால் மறுபடி போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். இதை மட்டும் தயவுசெய்து மறுபடி பாருங்கள். ஐந்தாவது சீசனில் லாக் தீவை விட்டு துனிசியப் பாலைவனத்தில் வந்து விழும்போது, கால் எலும்பு முறிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனையில் அதை இழுத்து நேராக்கும்போது கதறுகிறார். அதற்குப் பிறகு அவரை வீல்சேரில் பார்த்ததும் பழைய செயலிழப்பு திரும்பிவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறோம். இல்லை, அது கட்டுப்போட்ட காலுக்காக. தண்டுவடம் செத்தவருக்கு அந்த வலி தெரிந்திருக்கவே கூடாது. பிறகு விடுதி அறையில் தூக்குப்போட மேசை மேல் ஏறி நிற்கிறார். தீவுக்கு வெளியேயும் அந்தத் தண்டுவடம் வேலை செய்கிறது. ஆகவே தீவு செய்தது வந்து போகும் வசியம் இல்லை, உடம்பிலேயே நிகழ்ந்த மாற்றம். என் துறை அறிவு இந்த விவாதத்தில் புதிதாக ஏதாவது சேர்க்கிறது என்றால், அந்தக் கதறலைச் சொல்வேன்.

ஜேக்கப்பைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம்தான். எட்டு மாடி கீழே கிடக்கும் லாக்கின் தோளை அவர் தொடுகிறார், லாக் கண் திறக்கிறார், இப்படி நடந்ததற்கு வருந்துவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். செத்தவரை எழுப்பினாரா, மயங்கியவரை எழுப்பினாரா என்பதை அந்தக் காட்சி வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறது. உயிரைத் தர முடிந்தவர் காலை ஏன் தரவில்லை என்று என் சக ஊழியர் ஒருவர் கேட்டார். கால் இருந்திருந்தால் லாக் அந்த ஆஸ்திரேலியப் பயணத்துக்கே போயிருக்க மாட்டார் என்பதுதான் எனக்குத் தோன்றும் பதில். அது என் ஊகம்.

நிஜத்தில் நடக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இந்த நிலையில் இருந்து, அதனால் கேட்டிருந்தால், நேராகவே சொல்கிறேன்: நான்கு வருடம் கழித்து ஒரே நாளில் எழுந்து நடந்த தண்டுவட நோயாளி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பகுதி அடியாக இருந்தால், முதல் வருடத்தில் நல்ல முன்னேற்றம் வரலாம். முதல் வாரத்தில் யாராவது கையை விரித்தால் அதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நடை வரும்வரை காத்திருக்கலாம் என்று வாழ்க்கையை நிறுத்திவைக்கவும் வேண்டாம். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்புவது, சிறுநீரை நேரத்துக்குக் குழாய் வைத்து எடுப்பது, கைகளைப் பலமாக்கி நாற்காலிக்குத் தானே மாறுவது, இவற்றைத் தள்ளிப்போட்டுவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருந்தவர்கள் சிறுநீரகம் கெட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொடரில் எனக்குள்ள ஒரே மனத்தாங்கலும் இதுதான். லாக் நாற்காலியில் இருந்த வருடங்களை வெறும் அவமானமாகவே காட்டுகிறார்கள். முதல் சீசன் முடிவில், இருக்கையில் தூக்கி உட்கார வைக்கப்பட்ட லாக்கின் கையிலிருந்து ஒரு கையேடு கீழே விழுகிறது. குனிந்து எடுக்க முயன்று முடியாமல் விட்டுவிடுகிறார். அந்தக் காட்சி பொய் இல்லை, அப்படி விட்டுவிடும் முகத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். ஆனால் நான்கு வருடம் ஆன ஒருவருக்கு முன்னால் குனிந்து எழப் பயிற்சி கொடுத்திருப்பார்கள், எட்டாத பொருளை எடுக்க நீளக் கிடுக்கியும் கிடைக்கும். டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்து அந்தத் துறையையே இங்கே நிறுவினார். அவருக்குக் கால் திரும்பவே இல்லை. முதலில் சொன்ன அந்தத் தென்னை ஏறும் இளைஞருக்கும் திரும்பவில்லை. அவர் இப்போது வீட்டு வாசலில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், தரையில் விழுந்த ஸ்க்ரூவை எடுக்க ஒரு குச்சியின் நுனியில் காந்தம் ஒட்டி வைத்திருக்கிறார்.